ஃபிளாட்டுக்குள் கீரை, புதினா, கொத்தமல்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித்தோட்டத்துக்கு யோசனை சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மொட்டை மாடியை அசோசியேஷன் பூட்டி வைத்திருக்கும் ஃபிளாட்காரர்களுக்கும், ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சொல்லத்தான் ஆள் குறைவு. இந்தப் பக்கம் அவர்களுக்காக. கிரில் போட்ட ஒரு ஜன்னல், மிஞ்சிப்போனால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி, சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊர் என்று வைத்துக்கொண்டு பதில்களை எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குள் என்னென்ன வளர்க்கலாம்? தக்காளி, கத்தரி வருமா?

தக்காளியும் கத்தரியும் வராது. செடி வளரும், சில சமயம் பூக்கவும் செய்யும், ஆனால் குழம்புக்கு ஆகிற அளவு காய்க்காது. காய்க்கும் செடிகளுக்குத் தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். தக்காளிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: இரவு வெப்பம் இறங்காத நாட்களில் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும்.

இலையைத் தின்னும் செடிகள்தான் வீட்டுக்குள் தோது. வெந்தயக்கீரை, புதினா, கற்பூரவல்லி, வல்லாரை, வெற்றிலை, வெங்காயத் தாள் என்று வரிசை நீளும். நடுவில் நிற்பது பச்சை மிளகாய். பால்கனியில் நாலைந்து மணி நேரம் வெயில் வந்தால் அது ஓரளவு காய்க்கும். காற்று வராத இடமென்றால் பூத்திருக்கும்போது கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், தேனீ வந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலோர் நர்சரிக்குப் போய்ப் பிடித்த செடியை வாங்கி வந்து, அப்புறம் அதை வைக்க இடம் தேடுகிறார்கள். முதலில் ஜன்னலைப் பாருங்கள். அந்த ஜன்னலுக்கு எது சரிப்படுமோ அதை மட்டும் வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் வீட்டில் வெளிச்சம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணை நம்பாதீர்கள். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்றபடி கண்மணி சுருங்கி விரிந்து சமாளித்துவிடுவதால் அறை நமக்கு நல்ல வெளிச்சமாகத்தான் தோன்றும். நடுப்பகல் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே தள்ளி அளந்தால் பல வீடுகளில் சில நூறுதான் தேறும். கொசுவலை, சன்ஷேடு, எதிர் ஃபிளாட்டின் சுவர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன.

கருவி எதுவும் வேண்டாம். பகல் பதினோரு மணிவாக்கில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் அழுத்தமாக விழுந்தால் கீரை போடலாம். கை இருப்பது தெரிகிறது, விரல் தெரியவில்லை என்றால் புதினா, வல்லாரை, கற்பூரவல்லி. நிழலே விழவில்லையா, அங்கே விளக்கு இல்லாமல் எதுவும் நடக்காது. காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இன்னொரு தரம் பாருங்கள். மூன்று வேளையும் நிழல் விழுகிற இடம் கிடைத்தால் அதை ஷூ ராக்குக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

தெற்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சரி. அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகிறது. சென்னை 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுவரை வடக்கே தள்ளி நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் வெயிலே எட்டிப்பார்க்காது. வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வாக விழும். ஐப்பசி தொடங்கித் தை, மாசிவரை கதை தலைகீழ்: தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் நன்றாக நுழைந்து தரையில் படுத்திருக்கும்.

வருடம் முழுக்க மாறாமல் கைகொடுப்பது கிழக்கு. காலை வெயிலில் வெளிச்சம் நிறைய, சூடு குறைவு. மேற்கு ஜன்னலிலும் அதே அளவு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்குக் கிரில் கம்பியைத் தொட்டால் கை சுடும். செடி எந்த மூலைக்கு? அந்த இரண்டு மாதம் ஒரு மெல்லிய வேட்டித் துணியை இடையில் கட்டிவிடுங்கள்.

தெற்கு, வடக்கு ஜன்னல் மட்டும் உள்ளவர்கள் தொட்டிகளை நகர்த்தத் தயாராக இருக்க வேண்டும். சித்திரை பிறந்ததும் வடக்குக்கு, ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் தெற்குக்கு. சிறிய தொட்டியாகவே வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் வெயிலே படாது. விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். நிழலில் வளர்ந்தே பழகிய செடிகள் இருக்கின்றன. வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடிக்காலில் அகத்தியைப் போட்டு, அதன் நிழலில்தான் வெற்றிலையை ஏற்றுவார்கள். நேர் வெயில் பட்டால் அதன் இலை வெளுத்துக் கருகும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி, ஏறுவதற்குத் தென்னை நார் சுற்றிய குச்சி, எப்போதும் லேசான ஈரம், அவ்வளவு போதும். ரசத்துக்கு, கஷாயத்துக்கு, தாம்பூலத்துக்கு இலை கிடைக்கும். இலங்கைச் சமையலில் மணத்துக்குப் போடும் ரம்பையும் பாதி நிழலில் நன்றாக வரும். வல்லாரையும் அப்படியே. நாற்றுக் கிடைக்காவிட்டால் கீரைக்காரம்மாவிடம் வேர் ஒட்டிய வல்லாரையாகக் கேட்டு வாங்கி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

அதுவும் முடியாத இருட்டு அறை என்றால் காளான் இருக்கிறது. அதற்குப் பச்சையம் கிடையாது, வெளிச்சத்தை வைத்து உணவு தயாரிக்கும் வேலையும் கிடையாது. அவித்து ஆறவைத்த வைக்கோலையும் காளான் வித்தையும் பாலித்தீன் பையில் அடுக்கடுக்காகப் போட்டுக் கட்டிவைத்தால், பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெண்மையாகப் பூஞ்சணம் பரவும். அப்புறம் பையைக் கீறிவிட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சிப்பிக் காளான் வெளியே தள்ளும். சென்னை வெயில் காலம் சிப்பிக்குக் கொஞ்சம் அதிகம்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால் காளான் முப்பது டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் அதில் வேலை ஒரு படி கூடுதல்: பையில் பூஞ்சணம் பரவிய பிறகு மேலே மண் போட வேண்டும். காளான் பையைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். முற்றிய சிப்பிக் காளான் உதிர்க்கும் வித்துத்தூள் சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் தரும்.

மைக்ரோகிரீன்ஸ் என்பது முளைகட்டிய பயறுதானே?

இல்லை. முளைகட்டிய பயறை வேரோடு, விதையோடு தின்கிறோம். மைக்ரோகிரீன்ஸ் என்பது முதல் இலை விரிந்ததும் தண்டோடு வெட்டி எடுக்கும் குட்டிக்கீரை. முதன்முதலாகச் செடி வைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பத்தே நாளில் முடிந்துவிடும், உரம் வேண்டாம், சுமாரான ஜன்னலே போதும்.

ஓட்டல் பார்சல் வந்த கறுப்பு டப்பா ஒன்றை எடுத்து அடியில் சூடான ஊசியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். ஓரங்குல உயரத்துக்கு நனைத்த தென்னை நார்த்தூள். இரவே ஊறவைத்த வெந்தயத்தை அதன் மேல் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். மேலே நார்த்தூள் போட்டு மூட வேண்டாம். தண்ணீர் தெளித்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு டப்பாவை அதன் மேல் உட்கார வைத்து, அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரைப் பாரமாக வையுங்கள். இருட்டும் பாரமும் சேர்ந்தால் வேர் கீழே ஆழமாக இறங்கும். மூன்றாம் நாள் பார்த்தால் குருத்துகள் எல்லாம் சேர்ந்து டம்ளரோடு மேல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைக் காட்டினால் வீட்டுக் குழந்தைகள் அப்புறம் ஜன்னலை விட்டு நகராது. மூடியைத் திறக்கும்போது எல்லாம் வெளிறிய மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஜன்னலோரம் வைத்தால் ஒரு நாளில் பச்சை ஏறிவிடும். எட்டிலிருந்து பத்தாம் நாளுக்குள் கத்தரிக்கோலால் வெட்டலாம். வெந்தயம் லேசாகக் கசக்கும், கடுகு மூக்கில் ஏறும், பாசிப்பயறு சாதுவாக இருக்கும். தயிர்ப் பச்சடியில், தோசையின் மேல், ரசம் இறக்கும்போது என்று எதிலும் போடலாம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ தெரிந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தெளித்ததும் மறைந்தால் அவை வேரின் மென்முடிகள். மறையாமல் விதைக்கு விதை நூலாம்படையாகப் பரவியிருந்தால் பூஞ்சை. அந்தத் தட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான். புழுக்கமான மாதங்களில் மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்தால் பூஞ்சை குறையும்.

விதை எங்கே வாங்குவது? மளிகைக் கடை விதை முளைக்குமா?

வெந்தயம், கடுகு, பாசிப்பயறு, கொள்ளு, தனியா எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே எடுக்கலாம். பழையதாக இருந்தால் பாதிதான் முளைக்கும். ஒரு பிடியை ஈரத் துணியில் கட்டிச் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

வயலுக்கு விற்கும் விதையை மைக்ரோகிரீன்ஸுக்குப் பயன்படுத்தக் கூடாது. பூஞ்சைக்கொல்லி பூசி, அடையாளத்துக்கு இளஞ்சிவப்பு அல்லது நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தொட்டியில் நட்டுச் செடியாக வளர்க்க அது சரி, பத்தாம் நாளில் தின்னச் சரியில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குருத்தும் தின்னக் கூடாது, அந்தக் குடும்பத்தின் இலை தண்டில் நச்சு உண்டு. ராஜ்மா முளையைப் பச்சையாகத் தின்பதும் ஆகாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் எந்த முளையையும் வேகவைத்தே சாப்பிடுவது நல்லது. முளை வளர்கிற ஈரச்சூடு கிருமிக்கும் பிடித்தமான இடம்.

கொத்தமல்லி மட்டும் ஏன் வருவதே இல்லை?

மூன்று காரணம் சொல்லலாம். நாம் விதை என்று போடும் உருண்டை உண்மையில் காய். அதற்குள் இரண்டு விதை இருக்கிறது. முழுதாகப் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்க நாளாகும். சப்பாத்திக் கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். இரண்டாவது, பொறுமை. முளை தெரியவே எட்டு, பத்து நாளாகும். ஐந்தாம் நாளே விரலை விட்டுக் கிளறிப் பார்ப்பவர்களுக்குக் கொத்தமல்லி வராது. மூன்றாவதுதான் பெரிது: பருவம். பங்குனியிலிருந்து ஆடிவரை சென்னையில் கொத்தமல்லி போட்டால் இலை விடுவதற்குள் பூத்துப்போகும். ஐப்பசிக்குப் பிறகு போடுங்கள், தை முடியும்வரை வெட்டலாம். கோவை, ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள். வேர் அசைந்தால் பிடிக்காது. எந்தத் தொட்டியில் வளர வேண்டுமோ அதிலேயே தூவிவிடுங்கள்.

புதினா?

சந்தையில் வாங்கிய கட்டிலேயே செடி இருக்கிறது. தடித்த தண்டாக நாலைந்தை எடுத்து, நுனியில் இரண்டு ஜோடி இலை மட்டும் விட்டு மற்றதைத் துவையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தண்டைத் தண்ணீரில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் கணுவில் வெள்ளை வேர் விடும். ஆழம் குறைந்த, வாய் அகன்ற தொட்டியில் படுக்கவைத்தாற்போல் நடுங்கள். புதினா பக்கவாட்டில் ஓடுகிற செடி, ஆழம் அதற்கு எதற்கு? இதோடு வேறு எதையும் நட வேண்டாம், எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

எந்தக் கீரையிலிருந்து தொடங்கலாம்?

வெந்தயக்கீரை. மூன்று வாரத்தில் ஒரு கூட்டு வைக்கலாம், குறை வெளிச்சத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பாலக்கும் பொன்னாங்கண்ணியும் அதற்கடுத்து. சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை எல்லாம் ஒரே குடும்பம், சுள்ளென்று வெயில் கேட்பவை. ஜன்னலில் போட்டால் தண்டு நூலாக நீண்டு, வெளிச்சப் பக்கம் சாய்ந்து படுத்துவிடும். வெயில் வரும் பால்கனி இருந்தால் மட்டும் போடுங்கள். கிரில் முழுக்கப் படர வைக்கக் கொடிப்பசலை நல்லது, வெளியாட்களுக்கு உள்ளே தெரியாமல் திரைச்சீலை வேலையும் பார்க்கும்.

வெங்காயத் தாள் வேண்டுமென்றால் முளைவிட்ட சின்ன வெங்காயத்தை ஊன்றிவிடுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தொட்டி, மண் கலவை எப்படி இருக்க வேண்டும்?

கீரைக்கு அரையடி ஆழம், மிளகாய்க்கு ஓரடி. பெயின்ட் வாளி, அரிசிப் பை, உடைந்த பக்கெட் எதுவானாலும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையே இல்லாத அழகுத் தொட்டியில் அடியில் கூழாங்கல் போட்டால் சமாளிக்கலாம் என்பார்கள். தண்ணீர் வெளியே போகாமல் கல்லுக்குள் நின்றால் வேர் அழுகத்தான் செய்யும்.

தனி மண் வேண்டாம். தொட்டிக்குள் இறுகிப்போகும், கனமும் அதிகம், கிரில் தாங்காது. இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு செம்மண், தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை செங்கல் செங்கல்லாக அமுக்கி விற்கிறார்கள். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, தண்ணீர் கிட்டத்தட்டத் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். “எல்லாம் சரியாகத்தான் போட்டேன், இலை ஓரம் மட்டும் கருகுகிறது” என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாரை அலசினீர்களா என்பதுதான்.

கீரையை வெட்டிய பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூவி நீர் விட்டால் மறுபடி தழையும். பஞ்சகவ்யா நல்ல மருந்துதான், ஆனால் கதவு ஜன்னல் சாத்திய ஃபிளாட்டுக்குள் தெளித்துவிட்டு விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள்.

எவ்வளவு தண்ணீர், என்ன தண்ணீர்?

கணக்கு வைத்து ஊற்ற வேண்டாம். நார்க்கலவை மேலே காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைத்ததும் ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். லேசாகத் தெரியும்போது அடியில் வடியும்வரை ஊற்றுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை ஊற்றாதீர்கள், உள்ளே வந்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஏ.சி. தண்ணீரைப் பிடித்துக் கலந்துகொள்ளலாம். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாம், ஆனால் தினமும் வேண்டாம், வீட்டுக்குள் வாடையும் சிறு ஈக்களும் சேரும். பால்கனிக் கிரில்லில் தொட்டி மாட்டியவர்கள் கீழே தட்டு வைக்காமல் ஊற்றக் கூடாது. கீழ்வீட்டு மாமி வடாம் காயப்போட்டிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் அது வடியும்.

பிரத்யேக க்ரோ லைட் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. சாதாரண வெள்ளை 20 வாட் எல்.இ.டி. டியூப் போதும். க்ரோ லைட் என்று செடிக்கென்றே விற்கும் ஊதா விளக்கில் செடி வளரும், ஆனால் வீடு சலூன் மாதிரி ஆகிவிடும், இலையில் பூச்சி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு மேலே கூரையில் எரிந்தால் பயனில்லை, செடிக்கு ஒரு சாண், மிஞ்சினால் ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். புத்தக அலமாரியின் தட்டுக்கு அடியில் ஒட்டிவிடலாம். கீரைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம்.

மின்சாரச் செலவைப் போட்டுப் பாருங்கள்: 20 வாட், 14 மணி நேரம், நாளைக்கு 0.28 யூனிட். இரண்டு மாத பில்லில் ஒரு டியூபுக்கு ஏறக்குறைய 17 யூனிட். ஏற்கெனவே விலை ஏறும் படிநிலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

சிறு கறுப்பு ஈக்கள், கொசு, மாவுப்பூச்சி எல்லாம் வருகின்றனவே?

மண்ணிலிருந்து கிளம்பும் சின்னக் கறுப்பு ஈக்கள், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். மேல் ஓரங்குலம் காயவிட்டு, ஆற்று மணலை மெல்லிசாகப் பரப்புங்கள். பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகினால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும்.

கொசு விஷயத்தில் சால்ஜாப்பு கூடாது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும், அதற்குத் தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரே குளம். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தேய்க்காமல் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

மாவுப்பூச்சி ஒன்றிரண்டு தெரியும்போதே ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பெருகினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். அடித்த இலையைச் சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிச் சமையுங்கள். மைக்ரோகிரீன்ஸில் எதையும் தெளிக்காதீர்கள்.

ஹைட்ரோபோனிக்ஸ் கிட் வாங்கலாமா?

ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் மண்ணில்லாமல் சத்துக் கரைத்த தண்ணீரில் செடி வளர்ப்பது. மோட்டார், குழாயோடு விற்பதை முதலிலேயே வாங்க வேண்டாம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பிரபலமாக்கிய முறையில் மோட்டாரே கிடையாது: மூடியுள்ள டப்பாவில் சத்துக் கரைசல், மூடியின் ஓட்டையில் நாற்று. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கி, நடுவில் வேர் மூச்சுவிட இடம் கிடைக்கும். கண்ணாடி பாட்டில் என்றால் பாசி பிடிக்காமல் வெளியே காகிதம் சுற்றுங்கள். விளம்பரப் படங்களில் காட்டும் லெட்யூஸ் (சாலட் கீரை) சென்னைச் சூட்டில் கசந்து பூத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் பாலக் போட்டுப் பாருங்கள்.

காசு மிச்சமாகுமா?

கீரையில் ஆகாது. இருபது ரூபாய்க் கட்டோடு உங்கள் ஜன்னல் போட்டி போட முடியாது. அடிக்கடி கொஞ்சமாகத் தேவைப்பட்டு, கட்டாக வாங்கி, பாதி ஃபிரிட்ஜில் அழுகுகிறதே, அந்தப் புதினா, கற்பூரவல்லி, வெற்றிலை மாதிரிச் சாமான்களில் கொஞ்சம் மிச்சம் உண்டு. மைக்ரோகிரீன்ஸைக் கடையில் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு நிச்சயம் லாபம். இரண்டு கரண்டி வெந்தயத்துக்கு என்ன பெரிய விலை?

படுக்கையறையில் செடி வைத்தால் ராத்திரி மூச்சு முட்டுமா?

முட்டாது. பக்கத்தில் படுத்திருப்பவர் வெளிவிடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் நாலு தொட்டி விடுவது ஒன்றுமே இல்லை.

கனடா, இங்கிலாந்து குளிரில் கறிவேப்பிலையை எப்படிக் காப்பாற்றுவது?

இங்கே ஃபிளாட்டுக்குள் கறிவேப்பிலை வேண்டாம் என்பேன், அது வெயிலில் நிற்க வேண்டிய மரம். அங்கே வேறு வழியில்லை. இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்குமுன் உள்ளே எடுத்து, தெற்கு ஜன்னலில், ஹீட்டர் காற்று நேரே படாமல் வையுங்கள். குளிர்காலத்தில் இலை கொட்டினால் செத்துவிட்டது என்று எண்ணித் தண்ணீரை ஊற்றாதீர்கள், பலர் வீட்டில் அது சாவது அப்போதுதான். தண்டை நகத்தால் லேசாகக் கீறி உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உரம் வேண்டாம், மண் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர். வசந்தத்தில் துளிர்க்கும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைக்கும். மே கடைசியில் வெளியே வைக்கும்போது ஒரு வாரம் நிழலில் பழக்கிவிட்டு வெயிலுக்கு நகர்த்துங்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால்?

கிளம்புமுன் கீரையை எல்லாம் வெட்டிச் சமைத்துவிடுங்கள், இலை குறைந்தால் தண்ணீர்த் தேவையும் குறையும். தொட்டிகளை ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி ஒன்றாகக் கூட்டி வையுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரை உயரத்தில் வைத்து, பழைய பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து நனைத்து, ஒரு முனையைப் பக்கெட்டின் அடிவரை விட்டு மறுமுனையைத் தொட்டி மண்ணில் புதைத்தால் மெதுவாக ஊறிக்கொண்டிருக்கும். போவதற்கு இரண்டு நாள் முன்பே வைத்துப் பாருங்கள், தடித்த திரி ஒரே ராத்திரியில் பக்கெட்டைக் காலி செய்துவிடும். பக்கெட் வாயைத் துணியால் இறுகக் கட்டிவிட்டுப் போங்கள், கொசுவுக்காக. புதினாவை மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவது நல்லது, ஒரு நாள் காய்ந்தாலும் துவண்டுவிடும்.